அரசும் புரட்சியும் எடை மெஷினும்

புரட்சிகரப் பதிப்பகம் நடத்துகிறவன் இரண்டு பேருக்குப் பயப்பட வேண்டும் என்று நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மூத்த தோழர்கள் சொன்னார்கள். ஒருவர் போலீஸ்காரர், மற்றவர் கடனுக்குப் பேப்பர் கொடுத்தவர். பேப்பர்காரர் விஷயத்தில் அவர்கள் வாக்கு அப்படியே பலித்தது. போலீஸ் விஷயத்தில் காலம் மாறிவிட்டது. இன்றைக்கு என் தூக்கத்தைக் கெடுப்பது தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எடை மெஷின்.

எங்கள் முன்னோடிகளின் பெருமை வேறு. 1933-இல் ‘குடி அரசு’ இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காகப் பெரியார் கைதானார். வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் கைதானார். 1935-இல் பகத்சிங்கின் ‘நான் ஏன் நாத்திகன்?’ நூலைத் தமிழில் தந்ததற்காக ஜீவா உள்ளே போனார். அச்சிட்டு வெளியிட்டதற்காகப் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் போனார். பதிப்புத் தொழிலுக்காக ஒரே வீட்டில் மூன்று பேர் ஜெயிலைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வரலாறு என் மனைவிக்கு மனப்பாடம். பதிப்பகம் தொடங்கிய புதிதில், ‘வெளியிடுபவர்’ என்ற இடத்தில் உன் பெயரைப் போடட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன். “கண்ணம்மாளுக்கு அண்ணன் பெரியாரு. எனக்கு நீங்கதானே இருக்கீங்க?” என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கணக்கு அவர் கையில், பெயர் என் தலையில்.

இப்போதெல்லாம் அரசாங்கம் எங்களைக் கைது செய்வதில்லை. வெளியீட்டு விழாவுக்கு உளவுப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புவதோடு சரி. கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். சிறப்பு அழைப்பாளர்கள் தம் பேச்சு முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவார்கள். நன்றியுரை வரைக்கும் இருப்பவர் அவர் ஒருவர்தான். போகும்போது ஒரு பிரதி வாங்குவார். கழிவு கேட்க மாட்டார். “பில்லுல புக்கு பேரைத் தெளிவா எழுதிடுங்க சார்” என்பார். முழு விலை கொடுத்து வாங்கி, மேலதிகாரி கேட்பாரே என்று வரிவரியாகப் படிக்கும் வாசகர் வேறு யாருக்கு வாய்ப்பார்? அவருக்கு இடமாறுதல் வந்தபோது உண்மையாகவே வருந்தினேன்.

தோழர்கள் சங்கதி வேறு. எந்தப் புத்தகமானாலும் முதலில் பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். “தோழர், சோவியத் காலத்துல கார்க்கியோட ‘தாய்’ என்ன விலைக்கு வாங்கினேன் தெரியுமா? அதுவும் கெட்டி அட்டை!” மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் எங்கள் தலைமுறைக்குச் செய்த நன்மையைச் சொல்லி முடியாது. செய்த ஒரே கெடுதல், ஆயிரம் பக்கப் புத்தகத்துக்குச் சில்லறை கொடுத்தால் போதும் என்று வாசகர்களைப் பழக்கிவிட்டது. 1991-இல் சோவியத் யூனியன் போனது. அந்த விலை மட்டும் ஞாபகத்தில் நின்றுவிட்டது. நானும் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு வல்லரசு இருந்தது. இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் என் மனைவியின் வளையல் இருக்கிறது. முன்பு ஒரு நூல் போட்டால் 1,200 பிரதி என்பது சம்பிரதாயம். இப்போது 300 அடித்துவிட்டு, தீர்ந்தால் மறுபடி பார்க்கலாம் என்கிறோம். 300 பிரதியில் அடக்க விலை எங்கே போய் நிற்கும் என்று கூட்டிக் காட்டினால், “லாப நோக்கம் வந்துட்டுது தோழர்” என்று வருத்தத்தோடு தோளைத் தட்டுவார்கள். பிறகு 50 சதவீதம் கழிவு கேட்பார்கள்.

இதனால்தான் எங்கள் பிழைப்பு தபால் வாசகர்களை நம்பி ஓடுகிறது. கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த தை மாதம் புத்தகக் கண்காட்சிக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பார். தபால் வாசகர் உள்ளூர்க் கடையில் கிடைக்காததைத் தேடிப்பிடித்துக் கேட்பவர். பணத்தையும் முன்னாலேயே அனுப்பிவிடுவார். அவர்கள் தரும் முகவரிகளைத் தொகுத்தாலே ஒரு நூல் வரும். கடவுள் மறுப்பு நூல்கள் பத்து கேட்டவர் ‘மாரியம்மன் கோவில் எதிர்ச்சந்து’ என்று எழுதுகிறார். சாதி ஒழிப்பு நூல் கேட்டவரின் தெருப் பெயரைத் தெரியும்படி லேபிளில் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிள்ளையார் கோவில் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் ஒரு பகுத்தறிவு நூலும் போய்ச் சேராது.

பார்சல் கட்டுவது எங்கள் வீட்டுத் திண்ணையில். முதலில் பழைய நாளிதழ், அதன் மேல் பழுப்புக் காகிதம், மூலைகளில் டேப், குறுக்கே சணல். முன்பு இந்த வேலை கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. சோதிடத்தைத் தோலுரிக்கும் எங்கள் நூல் ஒன்று திருநெல்வேலிப் பக்கத்து வாசகருக்குப் போயிற்று. பிரித்தவர் உடனே போன் செய்தார். “தோழர், புத்தகம் அருமை. ஆனா சுத்தி வந்த பேப்பர்ல இந்த வார ராசிபலன் இருந்துச்சு. எனக்குப் பொருள் நஷ்டம்னு போட்டிருக்கு.” அதற்குப் பிறகு திண்ணையில் ஒரு கொள்கை முடிவு எடுத்தோம்: உள்சுற்றுக்கு விளையாட்டுப் பக்கம் மட்டும்.

வி.பி.பி. காலத்து அனுபவங்கள் இன்னும் ருசியானவை. இளைய வாசகர்களுக்குச் சொல்கிறேன்: புத்தகத்தை முதலில் நாங்கள் எங்கள் செலவில் அனுப்புவோம். தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் எங்களுக்கு மணியார்டராக வரும். வாங்க மறுத்தால் பார்சல் எங்களிடமே திரும்பும், போக்குவரத்துச் செலவு எங்கள் தலையில். பொதுக்கூட்டத்தில் உணர்ச்சி பொங்க எழுதிக் கொடுத்த ஆர்டர், பார்சல் போய்ச் சேரும்போது மாதக் கடைசியாக இருந்தால் திரும்பிவிடும் என்பது எங்கள் தொழிலின் இரும்பு விதி. ஒருவர் பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை வி.பி.பி.யில் கேட்டிருந்தார். அதுவும் திரும்பி வந்தது. உறையின் பின்புறம் தபால்காரர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘கணவர் வெளியூர். மனைவி கையில் பணம் கொடுத்து வைக்கவில்லையாம்.’ நூலுக்கு இதைவிடச் சுருக்கமான அணிந்துரை கிடைக்காது என்று தோன்றியது.

மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இடம் இருக்கும். சாதாரண மக்கள் அதில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவார்கள். எங்கள் வாசகர்கள் எறும்பு எழுத்தில் ஸ்டாலின் பற்றிய தம் நிலைப்பாட்டை எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகத் தொடர்ந்து, எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். 2015-இல் அந்தப் பழைய மணியார்டர் முறை முடிந்தது. இப்போது ஜிபே. 180 ரூபாய் வந்து விழும். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் ஏதோ ஒரு மளிகைக் கடை. ஊர் இல்லை, முகவரி இல்லை, என்ன நூல் என்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து, “இன்னுமா அனுப்பலை?” என்று கோபமாக ஒரு போன் வரும். அந்தக் கோபத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்.

தபால் வழியே புரட்சி விற்றவர்களில் எனக்குக் குருநாதர் என்றால் அமெரிக்காவின் ஹால்டமன்-ஜூலியஸ். கான்சஸ் மாகாணத்தில் ஜிரார்ட் என்கிற சிற்றூரில், ஒரு சோஷலிசப் பத்திரிகையின் அச்சகத்தை வாங்கி, 1919-இல் ‘சின்ன நீலப் புத்தகங்கள்’ வரிசையைத் தொடங்கினார். சட்டைப் பையில் அடங்கும் அளவு, பிற்பாடு விலை ஐந்தே சென்ட், முக்கியமாகத் தபால் விற்பனை. கோடிக்கணக்கில் விற்றார். அவருடைய ரகசியம் எளிமையானது. புத்தகம் நகரவில்லையென்றால் உள்ளே ஓர் எழுத்தையும் தொட மாட்டார், தலைப்பை மாற்றுவார். கோத்தியே எழுதிய பிரெஞ்சுக் கதை ‘தங்க உரோமம்’ என்ற பெயரில் மந்தமாகப் போனது. ‘பொன்னிறக் காதலியைத் தேடி’ என்கிற தினுசில் ஒரு பெயர் வைத்தார். விற்பனை பல மடங்கு எகிறியது.

குருநாதர் வழியில் நானும் இறங்கினேன். ‘உபரி மதிப்பு: ஓர் அறிமுகம்’ என்று ஒரு நூல் பரணில் கிடந்தது. புது அட்டை போட்டு, ‘உங்கள் சம்பளத்தைத் திருடுவது யார்?’ என்று பெயர் வைத்தேன். ஆர்டர்கள் வந்தன. கூடவே போன்களும் வந்தன. “சார், மில்லுல மூணு மாசச் சம்பளம் பாக்கி. புக்கு அப்புறம் வாங்கிக்கிறேன், முதல்ல அந்த மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க.” எனக்குத் தெரிந்த தொழிற்சங்கத் தோழரின் எண்ணைக் கொடுத்தேன். சங்கத்துக்கு ஆறேழு உறுப்பினர் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மார்க்ஸின் பெயரே இல்லாத அந்த அட்டைதான் நாங்கள் வெளியிட்டதிலேயே மிகவும் மார்க்சியமான அட்டை.

எங்களுக்கு ஆதாயம் தரும் இன்னொன்று பிளவு. ஓர் அமைப்பு இரண்டாக உடைந்தால் மற்றவர்கள் கவலைப்படுவார்கள். என் மனைவி இருப்புக் கணக்கைப் பார்ப்பார். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் திருத்தல்வாதி என்று நிறுவ மேற்கோள் வேண்டும். மேற்கோள் ஒரே நூலில்தான் இருக்கிறது. நூல் எங்களிடம் இருக்கிறது. எதிராளிக்கும் விற்கிறீர்களே என்று இரு தரப்பும் என்னைக் கோபித்துக்கொள்ளும், முதல் பாகத்தை மட்டுமே வாங்கியவர்கள் இரண்டாம் பாகத்தையும் வாங்கிவிட்ட பிறகு.

நஷ்டம் தருவது பி.டி.எஃப். அறிவு பொதுச்சொத்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நானே அதை அச்சடித்து விற்றிருக்கிறேன். எங்கள் புதிய மொழிபெயர்ப்பை ஒரு தோழர் முழுக்க ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றினார். அதோடு விட்டாரா? எனக்கே செய்தி அனுப்பினார்: “64-ஆம் பக்கம் மங்கலாக உள்ளது. தெளிவான ஃபைல் இருந்தால் அனுப்பி உதவவும். தோழமையுடன்.” அனுப்பவில்லை. ஆனால் 64-ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சிலேயே மங்கல்தான். அச்சகத்தோடு சண்டை போட உதவிய வகையில் அவர் எங்களுக்கு மெய்ப்புத் திருத்துநர்.

இத்தனையையும் தாங்கிவிட்ட எங்களை அசைத்தது 2024 டிசம்பர். பதிவுப் புத்தக அஞ்சல் என்று ஒரு வசதி இருந்தது. ஒரு கிலோ புத்தகம் 32 ரூபாயில் காஷ்மீர் வரைக்கும் போகும். அந்த மாதம் ஒருநாள் அது கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போனது. சாதாரணப் பார்சலாக அனுப்பினால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். 60 ரூபாய்ச் சிறுநூலுக்குத் தபால் செலவு நூலின் விலையைத் தாண்டிற்று. 1935-இல் ஒரு நூலைத் தடுக்க வாரண்டும் வேனும் வேண்டியிருந்தது; இப்போது கட்டணப் பட்டியலில் ஒரு வரியை எடுத்தால் போதும். அதுவும் எங்களைக் குறிவைத்து எடுத்ததில்லை. சமையல் குறிப்பு நூலும் எங்களோடு சேர்ந்துதான் அடிபட்டது. எங்களை யாரும் தேடிவந்து ஒடுக்கவில்லை என்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

பதிப்பாளர்கள் எல்லோரும் கூக்குரல் எழுப்பினார்கள். 2025 மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்றே, ‘ஞான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் பற்றிய நூல்களுக்கு மட்டும். மதத்தின் தோற்றம் பற்றிய எங்கள் நூலைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

“என்ன புக்கு சார்?”

“மதம் எப்படி வந்ததுன்னு சொல்ற புத்தகம்.”

“அப்ப சமயம்னு போட்டுக்கறேன்.”

“சமயத்துக்கு எதிரான புத்தகம் மேடம்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றறிக்கையை ஒருமுறை முழுக்கப் படித்தார். “சமயம்னுதான் இருக்கு. ஆதரவா எதிர்ப்பான்னு கேக்கலை” என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். அதிலிருந்து எங்கள் நாத்திக நூல்கள் ஆன்மிக நூல்களோடு ஒரே சாக்கில், சண்டை சச்சரவின்றிப் பயணம் செய்கின்றன.

இப்போது எங்கள் பதிப்புக் கொள்கையை நிர்ணயிப்பது 300 கிராம். 256 பக்க நூல் உறையோடு 310 காட்டுகிறது. ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், குறைந்தால் 300-க்குள் அடங்கும். மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையோ சரியாக 16 பக்கம். அவரிடம் மெதுவாகச் சொன்னேன். “இது கருத்துச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல்” என்றார். “தாக்குதல் இல்லை தோழர், 10 கிராம்” என்றேன். கடைசியில் எழுத்தின் அளவைக் குறைத்து இருவரும் சமரசத்துக்கு வந்தோம். முன்னுரை இருக்கிறது, படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் பதிவு அஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. எங்கள் இயக்கங்கள் அரை நூற்றாண்டாகப் பேசிவரும் இணைப்பைத் தபால் துறை ஒரே சுற்றறிக்கையில் முடித்துக் காட்டியது.

இதெல்லாம் ஒரு பெரிய மனிதருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 1917-இல் தலைமறைவாக இருந்தபடி எழுதிய ‘அரசும் புரட்சியும்’ நூலில் லெனின், சோஷலிசப் பொருளாதாரத்துக்கு மாதிரி எது என்று கேட்டு, தபால் துறையைத்தான் கைகாட்டுகிறார். ஒரு ஜெர்மன் தோழர் வேடிக்கையாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு, அது மிகவும் சரி என்கிறார். அந்த நூலை வாசகர்களுக்கு அனுப்ப வரிசையில் நிற்கும்போதெல்லாம், லெனினுக்கு வி.பி.பி. அனுபவம் இருந்திருக்காது என்று நினைப்பேன். ஆனால் யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். கார்கில் பனியிலும் கன்னியாகுமரிக் கடலோரத்திலும், முகம் தெரியாத ஒருவரின் வாசலுக்கு, உள்ளே என்ன கருத்து என்று கேட்காமல், எடையை மட்டும் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு வேறு எது இருக்கிறது?

அரசுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அவ்வளவு சுலபமானதும் இல்லை. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அரசு ஒழிய வேண்டும் என்று நாங்கள் போடும் நூலையும் 30 நாளுக்குள் எங்கள் செலவிலேயே கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்பட இன்னும் மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே நூலின் விலை. அனுப்புகிறோம். அவர்களும் எண் போட்டு, அடுக்கி, பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அரசு ஒருநாள் உலர்ந்து உதிரும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உதிர்கிற வரிசையில் தபால் துறையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் மட்டும் முன்மொழிகிறேன். என் மனைவி வழிமொழிந்திருக்கிறார். ஆதரித்துக் கடிதம் எழுதும் தோழர்களுக்கு எங்கள் வெளியீடுகள் அனைத்திலும் 10 சதவீதம் கழிவு உண்டு. தபால் செலவு தனி.