குளவிக்குப் பட்டா

எங்கள் வீட்டில் எறும்புக்குச் சாக்பீஸ் உண்டு. கரப்பானுக்கு ஸ்பிரே உண்டு. கொசுவுக்கு, சார்ஜ் ஏற்றிய பேட் ஒன்று கட்டிலில் எங்களுக்கு முன்பே படுத்துக் காத்திருக்கும். குளவிக்கு மட்டும்தான் பட்டா. வழங்கும் தாசில்தார் என் அம்மா.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும். ஆகவே கூட்டைக் கலைக்கக் கூடாது. இதுதான் சட்டம். இதற்கு மேல்முறையீடு கிடையாது. சிக்கல் என்னவென்றால், இந்தச் சட்டத்தை நிறைவேற்றித் தர எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என் மனைவி ஐம்பதைத் தாண்டியதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் தாண்டிவிட்டாள். மகன் பெங்களூரில் இருக்கிறான்; அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த தரகர், தொழிலையே விட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு செட்டிலாகிவிட்டார்.

இந்த நிலவரத்தில்தான் போன சித்திரையில் ஹாலில் மாட்டியிருந்த முருகன் காலண்டருக்குப் பின்னால் ஒரு குளவி மண் பூச ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மாள் காபி குடிக்க வந்தவர், டம்ளரை வாயருகே வைத்தபடியே காலண்டரைப் பார்த்தார். பிறகு என் மனைவியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் காபியில் சர்க்கரை பாதியாகிவிட்டது.

அம்மா இதற்கெல்லாம் அசருவதில்லை. பலன் இந்த வீட்டில்தான் பலிக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் சொந்தபந்தம் சீர்காழியிலிருந்து சிங்கப்பூர் வரை பரந்து கிடக்கிறது. எந்த மாதத்திலும் யாருக்காவது வளைகாப்பு இருக்கும். ஒரு வருஷம் அப்படி ஒருவரும் சிக்காதபோது, காருக்கடியில் தெருநாய் போட்ட குட்டிகளைக் கணக்கில் வரவு வைத்தாள். இப்படிப்பட்ட ஜோசியம் தப்பவே முடியாது.

குளவிக்குத் தொந்தரவு ஆகக் கூடாதென்று காலண்டரில் தேதி கிழிக்கவும் தடை வந்தது. ஊரெல்லாம் வைகாசி பிறந்த பிறகும் எங்கள் ஹாலில் சித்திரை ஒன்பதாம் தேதியே நடந்துகொண்டிருந்தது. ராகுகாலம் பார்க்க அம்மாவே எதிர்வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. சர்க்கரை விவகாரத்தால் அங்கே வரவேற்பு சுமார்தான்.

குளவியை உட்கார்ந்து பார்த்தால் பொழுது போவது தெரியாது. நாங்கள் ஏஸி தண்ணீர் சொட்டி ஈரமான இடத்தைச் சேறு என்போம்; அதற்கு அது மணல் குவாரி. அங்கே முன்காலும் வாயுமாக ஒரு மண் உருண்டை திரட்டிக்கொண்டு வந்து, பூசும்போது உடம்பையே அதிர வைக்கும். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து பல் டாக்டர் வீட்டுச் சத்தம் வரும். அந்த அதிர்வில் மண் இளகி, வளைந்து, பட்டை பட்டையாக உட்காருகிறது. கொத்தனாரும் அதுதான், சித்தாளும் அதுதான், மேஸ்திரியும் அதுதான். மதியம் சாப்பிடப் போனவர் மறுநாள் வருகிற வழக்கமும் கிடையாது.

கறுப்பும் மஞ்சளுமாக, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கும் இந்த ஜாதியில் நம் பக்கத்துக் குளவி ஒன்றுக்கு அறிவியல் பெயர் ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்’. ஃபாப்ரிசியுஸ் என்ற டென்மார்க்காரர் 1781இல் வைத்தது. ஊர் 1996இல் சென்னையாகிவிட்டது. குளவி இன்னும் கெஜட்டில் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தக் குளவி பிடிப்பது சிலந்திகளை. கொட்டினால் சிலந்தி சாவதில்லை. கைகால் விழுந்து கிடக்கும். அப்படியே தூக்கி வந்து மண் அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, கூடவே ஒரு முட்டையும் வைத்து, வாயைப் பூசிவிடும். அடுத்த அறை. முட்டையிலிருந்து வரும் புழுவுக்குக் கெடாத சாப்பாடு தயார். இதைத் தெரிந்துகொண்ட நாளில் என் மனைவி கட்சி மாறினாள். பரணில் சிலந்தி குறைந்தால் ஒட்டடை குறையும், ஒட்டடைக்கம்பைத் தூக்க வீட்டில் வேறு ஆம்பளை இல்லை என்றாள். நான் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கட்சி மாறிய சூடு ஆறுவதற்குள் இன்னொரு குளவி, இது சின்ன ஜாதி, சமையலறையில் மிக்ஸி மாட்டும் பிளக் பாயின்ட்டின் மேல் ஓட்டையில் குடியேறிவிட்டது. கட்டட வேலை இல்லாத குளவிகள் இவை. சாவித் துவாரம், ஸ்குரூ ஓட்டை, மூங்கில் துண்டு என்று கட்டி முடித்த வீடாகப் பார்த்து மண்ணால் கதவு மட்டும் போட்டுக்கொள்ளும். அதற்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அம்மா அந்த சுவிட்சை அணைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். மிக்ஸி ஹாலுக்கு வந்தது. அன்று முதல் தேங்காய்ச் சட்னியும் செய்திகளும் ஒரே நேரத்தில் ஓடின. நாட்டு நடப்பு எனக்கு முழுதாகக் காதில் விழாத அந்த நாட்களில் ரத்த அழுத்தம் சீராக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். “சார், இது குளவிக் கூடு. கலைச்சா பாவம்” என்று சொல்லிவிட்டு, வந்து போன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

சின்னக் குளவி கொண்டுவந்தது மாடித் தோட்டத்துப் பச்சைப் புழுக்களை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தலைமையாசிரியர் ஞாபகம் வந்தது. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது அவர் கல்விக் கொள்கை. பிரம்பு சகிதம் விளக்குவார். எங்கள் வகுப்பில் கொட்டு வாங்காத புழு இல்லை; குளவியானவன் ஒருவனும் இல்லை. ஆனாலும் அந்தப் பழமொழியைச் சொன்ன ஆளை நான் குறை சொல்ல மாட்டேன். புழு உள்ளே போனதை அவர் பார்த்தார். அடைத்த வாயை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வந்ததையும் பார்த்தார். நடுவில் கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல முடிவுக்கு யார்தான் வந்திருக்க முடியும்?

கதவைத் திறந்து பார்த்தவர்களில் ஒருவர் பிரான்ஸில் இருந்த ஃபாப்ர். 1823இல் பிறந்த பள்ளி வாத்தியார். செரிஞான் என்ற ஊரில் விவசாயத்துக்கு உதவாத கல்லாங்காட்டை வாங்கிக்கொண்டு பூச்சிகளுடன் குடியிருந்து, பத்துப் புத்தகம் எழுதினார். சாடிக் கூடு கட்டும் குளவி ஒன்றின் வீட்டுக்குள் அவர் கண்டது இது: முட்டை தரையில் இல்லை, கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்குகிறது. காரணம், கீழே கிடக்கும் புழுக்கள் முழுதாகச் செயலிழக்கவில்லை, நெளிகின்றன. பிறந்த குளவிப் புழு தொங்கிய வாக்கிலேயே தலையை நீட்டிச் சாப்பிடும். கீழே யாராவது துள்ளினால் சட்டென்று மேலே சுருங்கிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் இந்த வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். மங்களகரமான குளவி, உள்ளே உயிரோடு வைத்தல்லவா தின்னக் கொடுக்கிறது!

“பின்ன? ஃப்ரிட்ஜா இருக்கு அதுக்கு?” என்றாள்.

தைரியம் வந்து அடுத்ததையும் சொன்னேன். குளவியில் எந்த முட்டை ஆண், எந்த முட்டை பெண் என்பது தாயின் கையில். சேமித்து வைத்த விந்தைச் சேர்த்து இட்டால் பெண். சேர்க்காமல் இட்டால் ஆண். ஆகவே ஆண் குளவிக்கு அப்பா கிடையாது. அம்மாவழித் தாத்தா மட்டும் உண்டு.

“அதான் ஒரு வேலையும் தெரியாம திரியுது” என்றாள் அம்மா.

“அப்பா இருக்கிறதுங்களுக்கு மட்டும் தெரியுதாக்கும், அத்தை?” என்றாள் என் மனைவி, சட்னியை வழித்தபடி.

குளவிகளில் வேறொரு ஜாதியில், பெண் வேட்டைக்குப் போகும்போது ஆண் வாசலில் நின்று கூட்டைக் காவல் காக்கும் என்று எடுத்துச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டேவா என்று கேள்வி வந்தது.

பிறகு ஒருநாள் காலையில் காலண்டர்க் கூட்டில் ஓட்டை விழுந்து, உள்ளிருந்து வந்தது எங்கள் குடித்தனக்காரி மாதிரியே இல்லை. மயில்கழுத்து நிறம். வெயில் பட்ட பக்கம் பச்சை, திரும்பினால் நீலம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து மயில் நிறத்தில் ஒன்று வந்தால் வேறென்ன செய்வார்கள்? மனைவி செல்போனை எடுத்து மகனுக்குப் படம் அனுப்பினாள்.

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இது அந்தக் குளவியின் பிள்ளையே இல்லை, குயில் காக்கைக் கூட்டில் செய்வதைச் செய்கிற குளவி. ஊரான் கூடாகப் பார்த்துத் திருட்டுத்தனமாக முட்டை இட்டுவிடும். அதன் புழு, வீட்டுக்காரியின் பிள்ளையைத் தின்று வளரும் என்றேன்.

அம்மா அந்தப் பளபளப்பை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்போ இது சொந்தமா கூடே கட்டாதா?”

“கட்டாதும்மா.”

“பொம்மனாட்டி கட்டின கூட்டுக்குத்தான் பலன். இதுக்குக் கிடையாது. காலண்டரைக் கழட்டிக்கோ.”

மனைவி இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்தவள் போல மிக்ஸியைக் கையில் தூக்கிவிட்டாள். “அப்போ பிளக் பாயின்ட், அத்தை?”

“அது வேற கேஸு” என்றாள் அம்மா.