பூங்காவில் அமைதி

எங்கள் பேட்டைப் பூங்காவைப் போல ஒழுக்கமான பூங்கா சென்னையில் வேறு இல்லை. வாசலிலேயே பலகை. பந்து விளையாடக் கூடாது. சைக்கிள் ஓட்டக் கூடாது. புல்லை மிதிக்கக் கூடாது. 12 வயதுக்கு மேல் ஊஞ்சல் ஆடக் கூடாது.

மகளுக்கு ஆறு வயது. ஊஞ்சலுக்குத் தகுதி உண்டு. ஊஞ்சலுக்குத்தான் சங்கிலி இல்லை. அபாரமான ஏற்பாடு. இல்லாத ஊஞ்சலிலிருந்து இதுவரை ஒரு குழந்தையும் விழுந்ததில்லை. எட்டு வடிவ நடைபாதையில் கூழாங்கல் மிதித்தபடி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த பெரியவர், "சத்தம் போடாதே பாப்பா" என்றார். அவள் அதுவரை வாயே திறக்கவில்லை. முன்னெச்சரிக்கை.

எங்கள் நாய் மணியும் கூடவே வந்திருந்தான். வெறிநாய்த் தடுப்பூசி, தோலுக்கடியில் மைக்ரோசிப், வாய்க்கு மூடி, மாநகராட்சி உரிமம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

"நாய்க்கு அனுமதி இல்ல சார்" என்றார் வாட்ச்மேன். அவர் காலடியில் நான்கு தெருநாய்கள்.

"இதுங்க?"

"இதுங்க இங்கயே இருக்கிறதுங்க சார்."

நியாயம்தானே? கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவிட வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. காது நுனியில் சின்ன வெட்டு, அதற்கு அத்தாட்சி. குடியுரிமை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

புல்லில் மல்லாந்து கிடந்த தெருநாய் ஒன்றை மகள் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, காதுல வெட்டினா என்னையும் விளையாட விடுவாங்களா?"

அவளுக்குக் காது குத்தி மூன்று வருடம் ஆகிறது. அது செல்லுமா என்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.