சமத்துவ ஊசி

உலகில் சமத்துவம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் செமிப்லிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் குப்பியை ஒருமுறை பார்க்க வேண்டும். 40 கிலோ பாட்டிக்கும் 350 மில்லிகிராம். 120 கிலோ பயில்வானுக்கும் 350 மில்லிகிராம். சாதி பார்க்காது, மதம் பார்க்காது, எடையும் பார்க்காது. பணம் கட்டியாயிற்றா என்று மட்டும் பார்க்கும்.

மருந்தின் மகிமையில் பொய்யில்லை. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அடங்காமல் காதையும் கன்னத்தையும் அரித்துத் தின்னும் செதிள்செல் தோல் புற்றுநோய் முற்றிவிட்டால், இந்த மருந்து வருமுன் மருத்துவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நோயெதிர்ப்பு செல்களுக்குப் பூட்டிய பிடி-1 என்ற கடிவாளத்தை இது அவிழ்த்துவிட்டது. நோய் உடம்பெங்கும் பரவியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. 2018 செப்டம்பர் 28இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மூன்றாம் நாள் அந்த அறிவியலுக்கு நோபல் பரிசு. விஞ்ஞானிகளுக்கு மாலை, கம்பெனிக்குக் கல்லா. அங்கே அறிமுக விலை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 9,100 டாலர். அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. நிமிடத்துக்கு 300 டாலர்!

முதல் ஆய்வில் எடை பார்த்துத்தான் கொடுத்தார்கள்: இரு வாரத்துக்கு ஒரு முறை, கிலோவுக்கு 3 மில்லிகிராம். அந்தக் கணக்கில் நம் பாட்டிக்கு மூன்று வாரத்துக்கு 180 போதும். பிறகு எல்லோருக்கும் ஒரே அளவு என்றாக்கினார்கள். மருந்தகத்தில் குழப்பம் வராதாம். பாட்டி வீட்டில் வரும் குழப்பம் யார் கணக்கில்?

அதே பிடி-1 கடிவாளத்தை அவிழ்க்கும் பங்காளி மருந்து நிவோலுமாப். கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகத் தந்தாலே ரத்தத்தில் அது பிடிக்க வேண்டிய இடமெல்லாம் நிரம்பிவிடுகிறது என்று தொடக்க ஆய்வுகளிலேயே தெரிந்தது. தெரிந்து என்ன, குறைத்து விற்க யாருக்குப் பைத்தியம்? கடைசியில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள்தான் துணிந்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள், மாத்திரை மட்டும் தின்றவர்களில் 100க்கு 16 பேர். இந்த ஊசியும் போட்டவர்களில் 43 பேர்.

தோலுக்கும் 20 போதும் என்று நான் தீர்ப்பெழுதவில்லை. போதுமா என்று சோதிக்க ஏன் நாதியில்லை என்றுதான் கேட்கிறேன். வியாபாரத்தைக் குறைக்கும் ஆய்வுக்குக் கம்பெனி காசு தராது. அதனிடம் தர்மம் கேட்பது நம் மடமை. அது அரசின் வேலை. சுங்க வரியைத் தள்ளுபடி செய்துவிட்டு வள்ளல் பட்டம் சூடிக்கொள்ளும் ஐயாமாரே, லட்சத்தில் சில ஆயிரம் குறைந்தால் கூலிக்காரன் வாங்கிவிடுவானா? வரியைக் குறைத்த கையோடு அளவைக் குறைக்கும் ஆய்வுக்கும் பணம் ஒதுக்குங்கள். அதுவரை, மருந்து இருந்தும் எட்டாமல் சாகிறவர்களின் இறப்புச் சான்றிதழில் 'புற்றுநோய்' என்று மட்டும் எழுதாதீர்கள்.