இடது பக்க முள்

எண்பதுகளில் ஒரு டேப் டெக்கைப் பழுதுக்குக் கொண்டுவருபவர் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். ஒரு பக்கம் கேட்கவில்லை, பாட்டு இழுக்கிறது, நாடாவைக் கடித்துவிடுகிறது என்பார். மீட்டர் முள் ஆடவில்லை என்று எந்த வீட்டுக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. முள் எங்களுக்குத்தான் வேண்டும், காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைக்காரர்களுக்கு. இன்று அதே டெக்கைத் துணியில் சுற்றித் தூக்கி வருகிறவர்கள் முதலில் கேட்பதே முள்ளைத்தான். நாடா ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை என்கிறார்கள்.

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் நான் தொழில் பழகினேன். நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டு வரிசை எழுதி வருவார்கள். ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு இசைத்தட்டில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில் இருக்கும். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அது ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த மெலிந்த நாடாவில் லெவல் குறைவாக ஏறினால் பாட்டோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கும். கூடுதலாக ஏறினால் குரல் உடையும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடம் கொஞ்சம். அந்த இடத்தைக் காட்டுவது டெக்கின் முகத்தில் இருக்கும் இரண்டு மீட்டர்கள். முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பாட்டு ஓடும்போது அவர் கண் முள்ளை விட்டு அகலாது.

ஆனால் முள்ளை முழுசாக நம்பக்கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வி.யு. மீட்டர் எனப்படும் இந்த முள் மீட்டரை அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கின. 1939-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே அளவான சத்தம் வந்தால் முள் தன் இடத்துக்குப் போய்ச்சேர 300 மில்லி நொடி எடுக்கவேண்டும் என்பது அதன் விதி. வேண்டுமென்றே வைத்த நிதானம் அது. முள் காட்டவேண்டியது காது உணர்கிற சராசரிச் சத்தத்தை. நாள் முழுக்கப் பார்க்கிற கண் சோராமல் இருக்க, தட்டின் நிறத்தைக்கூட யோசித்து வெளிர்மஞ்சளாகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டு டெக்குகளில் வந்தவை பெரும்பாலும் அந்த விதியைக் கறாராகப் பின்பற்றாத, அதே சாயலில் செய்த மீட்டர்கள். ஆனாலும் குணம் ஒன்றுதான். தவில் அடி முள் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். முள் இன்னும் சிவப்பு தொடங்குகிற பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும். நாடாவில் அடி ஏற்கெனவே உடைந்திருக்கும். "நாகஸ்வரத்துக்கு முள்ளைப் பாரு, தவிலுக்குக் காதைத் தீட்டிக்க" என்பார் அண்ணன். கல்யாண சீசனில் மேளம் பதிய வந்தால் மைனஸ் ஆறுக்கு மேல் முள்ளை விடமாட்டோம்.

அப்படிப்பட்ட கடையில் ஒரு முள் படுத்துவிட்டால் வேலை நின்றது என்று அர்த்தம். பழுது பார்க்கிற வரிசையை அண்ணன் மாற்றவே மாட்டார். முதலில் ஹெட்போனை மாட்டி இரண்டு பக்கமும் ஒரே சத்தமாகக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். கேட்டால் பாட்டுப் போகிற பாதை நன்றாக இருக்கிறது. கோளாறு மீட்டருக்குப் பிரிகிற கிளையில். அடுத்து இடது, வலது மீட்டர்களின் ஒயர்களை மாற்றிப் போடவேண்டும். கோளாறு அடுத்த மீட்டருக்குப் போனால் குற்றம் போர்டில். அதே மீட்டரில் தங்கினால் மீட்டரேதான். இரண்டு ஒயரை மாற்றியே பாதி விடையைப் பிடித்துவிடலாம். இன்றுவரை இதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்க்கவில்லை.

மீட்டரைத் தனியாகச் சோதிக்க மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட அவர் விடமாட்டார். பழைய முள் மல்டிமீட்டர் ஒன்றாம் ரேஞ்சில் பல பத்து மில்லி ஆம்பியரைத் தள்ளும். மைக்ரோ ஆம்பியரில் ஆடவேண்டிய சுருள் அதைத் தாங்காது. முள் ஓரத்தில் அடித்து வளைந்துபோகும். ஒரு 1.5 வோல்ட் செல்லையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக வைத்துத் தொட்டால் 150 மைக்ரோ ஆம்பியருக்குள்தான் ஓடும். முள் மெதுவாக எழுந்து, எடுத்ததும் சுத்தமாக இடது ஓரத்துக்கு இறங்கினால் மீட்டர் நலம். நடுவழியில் தயங்கினால் காந்த இடைவெளியில் இரும்புத் தூசு இருக்கலாம். ஊதினால் அது இன்னும் உள்ளே போகும். பிசின் ஒட்டிய ஊசிமுனையால் ஒற்றி எடுக்கவேண்டும். சில சமயம் காரணம் வெளியிலேயே இருக்கும். பிளாஸ்டிக் மூடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்திருப்பார்கள். அதில் ஏறிய நிலைமின்சாரம் முள்ளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். சோப்புநீர் தொட்ட ஈரத்துணி போதும்.

இப்போது வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு இந்த வேலையைச் செய்கிறேன். போன வருஷம் ஓர் இளைஞர் கொண்டுவந்தது எழுபதுகளின் ஜப்பான் டெக். இடது முள் பாதி வழிக்கு மேல் ஏறவில்லை. மெல்லிய சத்தத்துக்கு அசையவே இல்லை. அவருக்குக் கேசட் வேண்டாம். ப்ளூடூத் பெட்டி ஒன்றைப் பின்னால் செருகி, போனில் பாட்டு ஓடவிட்டு, முள் ஆடுவதைப் பார்க்கவேண்டும். நாடா நின்றிருக்கும்போதே உள்ளே வருகிற சத்தத்துக்கு மீட்டர் ஆடுகிற அமைப்பு அந்த டெக்கில் இருந்தது.

ஒயரை மாற்றினேன், கோளாறு வலது மீட்டருக்குப் போயிற்று. போர்டைத் திருப்பியதும் காரணம் தெரிந்தது. மீட்டருக்கு மின்சாரத்தை ஒருபக்கமாகத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில், முன்பு யாரோ ஜெர்மேனியம் டயோடை எடுத்துவிட்டு 4148 என்ற சிலிக்கான் டயோடைப் பற்றவைத்திருந்தார்கள். ஜெர்மேனியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே வழிவிடும், சிலிக்கான் 0.6 வரை காத்திருக்கும். அந்த வோல்ட்டை எட்டாத மெல்லிய சத்தமெல்லாம் முள்ளுக்குப் போய்ச் சேராது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போர்டு ஒன்றிலிருந்து ஓ.ஏ. 79 கழற்றிப் போட்டேன். இரண்டு பக்கமும் வறண்டுபோயிருந்த சின்ன எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். முள்ளின் அளவைத் திருத்துகிற, கரி படிந்த பிரிசெட்டைச் சுத்தம் செய்து, 1 கிலோ ஹெர்ட்ஸ் சத்தம் கொடுத்து இரண்டு முள்ளையும் பூஜ்யத்தில் நிறுத்தினேன். நேர்த்தியாக வந்தது.

சில வாரத்தில் அவர் திரும்ப வந்தார். "சார், இப்ப ரெண்டு முள்ளுமே ஒட்டிக்குது. மேல போனா அங்கேயே நிக்குது."

டெக்கைத் திறக்கவில்லை. அதே 1 கிலோ ஹெர்ட்ஸைக் கொடுத்தேன்: ஏறியது, நிறுத்தினேன், இறங்கியது. அவர் போனிலிருந்து அவருக்குப் பிடித்த புதுப்படப் பாட்டைப் போட்டேன். முள் பூஜ்யத்துக்கு அருகே போய் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. சரணம் வந்தபோதும் இறங்கவில்லை. பிறகு நான் எண்பதுகளில் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து, பின்னால் கணினிக்கு மாற்றி வைத்திருந்த இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். வயலின்கள் கிளம்பும்போது முள் சிவப்பைத் தொட்டது. குரல் தனியாக நிற்கும்போது மைனஸ் பத்துக்கு இறங்கியது. தபலா மட்டும் வாசிக்கிற இடத்தில் துள்ளியது.

"அப்ப ஃபால்ட் பாட்டுலயா சார்?" என்று கேட்டார்.

நசுக்கிப் பதிந்ததுதான் காரணம். டிஜிட்டலில் மேலே ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. யார் பாட்டு அதிகச் சத்தமாகக் கேட்கிறது என்ற போட்டியில் உச்சங்களை அமுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கி, எல்லாவற்றையும் கூரைக்கு அருகில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னட்டிக்' வந்தபோது, இப்படிப் பதிந்ததற்காக ரசிகர்களே மனுப்போட்டு மறுகலவை கேட்டார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவருகின்றன. அது வால்யூமைத்தான் சரிசெய்யும். நசுக்கிய ஏற்ற இறக்கம் திரும்பாது. பேருந்து இரைச்சலில் சின்ன இயர்போனில் கேட்பவருக்கு இந்தப் பதிவு வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மிருதங்கத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற அமைதியை நிரப்பிவிட்டால் அடிக்கு என்ன மதிப்பு? எனக்கு இது வருத்தமான விஷயம். நாங்கள் இரைச்சலோடு போராடி நாடாவில் காப்பாற்றிக் கொடுத்த ஏற்ற இறக்கத்தை, இரைச்சலே இல்லாத காலம் வந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அவர் நெடுநேரம் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் அம்மா வீட்டில் தேவாரம் பாடுவார் என்றும், அதை இந்த டெக்கில் பதிய முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றேன். பிரிக்காத கேசட்டுகள் என்னிடம் கொஞ்சம் இருந்தன. மைக்கை எங்கே வைப்பது, உரக்கப் பாடும் இடத்தில் முள் எதுவரை போகலாம் என்று காட்டினேன். டெக்கை மட்டும் அன்று கொடுத்தனுப்பவில்லை. உள்ளே பெல்ட் கூழாகிக் கிடந்தது. ஹெட்டையும் சுத்தம் செய்யவேண்டும். முள் ஆடுவதற்கு அவை தேவைப்படாததால் அதுவரை அவர் கேட்கவே இல்லை.