மேலே கயிறு பிடிப்பது யார்?

கேள்வி: தேர்வில் தோற்ற என் மகன் அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். மனவுறுதி வளர அவனை எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம்?
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊர்க் கடலிலேயே பதில் இருக்கிறதே அம்மா! 1961 வரை அங்கே பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டுகளில் முத்துக் குளித்தார்கள். கல்லில் காலூன்றிக் கடலுக்குள் இறங்குபவர், கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிக்கொண்டு, மூச்சு முட்டுவதற்குள் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அந்த நொடியே தூக்கியாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது கடற்கரைப் பேச்சு. கூடப் பிறந்தவளின் தாலி அல்லவா அதில் தொங்குகிறது, கண்ணயர்வாரா!

ஆழத்துக்குப் போகும் துணிச்சலில் பாதி மேலே இருந்தது. பிள்ளைகளின் மனவுறுதியும் அப்படித்தான். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார் உளவியலாளர் எம்மி வெர்னர். வறுமையிலும் குடும்பச் சச்சரவிலும் வளர்ந்து, அப்படியும் தலையெடுத்த பிள்ளைகளுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார்.

வகுப்பு வேண்டாம். இரவுச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிடுங்கள், மதிப்பெண் பேச்சில்லாமல். முத்துநகர் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிடுங்கள். வராவிட்டால் மறுநாளும் கூப்பிடுங்கள். அவனுக்குப் பிடித்த தாய்மாமா இருந்தால் உடனே வரச்சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரமானால், அல்லது சாவைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.