நடுநிசிச் சூரியன்

நாமக்கல் லாரிகள் எல்இடிக்கு மாறியபின் நெடுஞ்சாலையில் இரவு என்பதே ஒழிந்தது. வாழ்க! ஹாலஜன் பல்புக்கென வடித்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகினால், ஒளி சிதறி எதிரே வருபவர் முகத்தில் விழுகிறது. விழட்டுமே. முகம் பார்த்துப் பழகுவதுதானே பண்பாடு? ஃபாக் லைட்டைப் பம்பருக்கருகே தாழ்வாக வைப்பது வெளியூர் வழக்கம். நம் லாரி ஓனர் கேபின் உச்சியில் எட்டு வைத்திருக்கிறார். கரூரில் ஏது பனி என்று கேட்காதீர்கள், வந்துவிட்டால்? முன்பெல்லாம் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இனி எதிரே வருபவர் அதைத் தன் கண்ணிலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

அவர் லாரியின் பின்பக்கம் போனேன். ‘இடைவெளி விடவும்’ என்பதை செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். சிவப்பு விளக்கு இரண்டுமே எரியவில்லை. ஓனரிடம் கேட்டேன்.

“அது எதுக்குங்க? நாம முன்னாடிதானுங்களே போறோம்!”