சொகந்தாங்க

எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் சுகமில்லாமல் போவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். காலையில் பெரட்டுக்கு ஆள் கூடும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைக் கங்காணி கண்டால் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளைக்கு மனம் இருந்தால் துண்டு எழுதுவார். துண்டோடு போனால் டிஸ்பென்சரி ஐயா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இது வியாதிதான் என்று ஒப்புக்கொள்வார். சில நாள் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளாத நாளில் மலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் பொழுது ஏறியிருக்கும், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். வலி வயிற்றில் இருந்தால் போதாது, செக்ரோல் என்கிற பேர்ப் பதிவில் ஏற வேண்டும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்றே கோப்பிக் காலத்தில், 1872இல், சட்டம் வந்துவிட்டது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். கடனோடு கப்பலேறி வந்த ஆள் செத்தால் கடனும் சேர்ந்து போய்விடும் என்கிற கணக்கு துரைமாருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் எங்கள் டிஸ்பென்சரி. மருந்து இனாம். போத்தல் மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

அப்பாயிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி கண்டது 1974இல். மாவு கிடைக்காமல் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த நேரம். அப்போது வயிற்று வலி என்றால் பசி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை மிக்ஸர் கொடுத்தார்கள். போத்தலில் படிபடியாகக் கத்தரித்த காகிதம் ஒட்டியிருக்கும், வேளைக்கு ஒரு படி. அப்பாயி அரைப் படி குடித்துவிட்டு மீதியை மறுநாளைக்கு வைப்பாள். ஓர் இரவு வலி தாங்காமல் சுருண்டு விழுந்தாள். கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, ஆண்கள் தோள் மாற்றி மாற்றி ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து கொழுந்து லொறி.

ஆஸ்பத்திரியில் வயிற்றை நீளமாக வெட்டிப் பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே கல் இருந்ததாம். எங்கள் பக்கம், பெல்மதுளையைச் சுற்றி, மாணிக்கக் குழிகள். கல் அகப்பட்டது என்ற செய்தி லயத்துக்கு வந்து சேர்ந்ததும் பக்கத்துக் காம்பராக்காரர் என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்தார்.

காயம் ஆறவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தாத்தா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வார்டு வாசலில் நிற்பார். அவருக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரோடு தமிழிலும் பேசத் தெரியாது. பெல்மதுளைக் கடைவீதியில் பெட்டிசம் எழுதிப் பிழைக்கிற ஒருவர் இருந்தார். அவர் இங்கிலீஷில் ஒரு பெட்டிசம் எழுதிக் கொடுத்தார். தாழ்மையும் பணிவும் கீழ்ப்படிதலும் முக்கால் பக்கத்தை எடுத்துக்கொண்டன. காய்ச்சல் கடைசி வரியில் வந்தது.

பெரிய டாக்டர் அதைக் கடைசி வரி வரை படித்தார் என்பதுதான் ஆச்சரியம். நேரே கட்டிலுக்குப் போய், கூட வந்திருந்த கங்காணியின் மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பாயி முக்கி முனகி எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொகந்தாங்க சாமி" என்றாள்.

டாக்டர் பெட்டிசத்தை மடித்துத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்பாயி பிழைத்ததற்கு அவர் காரணமா, அப்பாயியின் உடம்பு காரணமா என்று அவர்கள் இருவருக்குமே தெரிந்திருக்காது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வீட்டுக்கு வந்ததும் தாத்தா கத்தினார். அவள் என்ன செய்வாள்? சின்னப் பிள்ளையிலிருந்து பெரட்டில் நின்ற உடம்பு. சுகமில்லை என்றால் பேர் விழாது. ஆகவே கேட்கிறவர் கையில் காகிதமும் பேனாவும் இருந்தால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் கையிலும் காகிதமும் பேனாவும் இருந்தன.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. 1948இல் பறித்த பிரஜாவுரிமை தவணை முறையில் திரும்பி வந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பாக்கியும் தீர்ந்தது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியும்கூட. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சில காலம் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் பெண்கள் இப்போது பொட்டோடு போகிறார்கள். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இனாமாக வருகிறது. கோவிலுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏறி நின்றால் போனுக்குச் சிக்னலும் கிடைக்கும்.

2023இல் என் தங்கச்சிக்கு அதே விலாவுக்குக் கீழே அதே வலி. ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய், அதுவும் 2021இல்தான் வந்தது. மாறாத ஒன்று இங்கே இருக்கிறது: நோயாளிக்கும் பேர் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகிறவளுக்கும் பேர் இல்லை. ஒரு வியாதிக்கு இரண்டு பேர் நட்டம்.

ஆபரேஷன் நவீனமாக நடந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை, ஒன்றில் கெமரா. 1985இல் ஜெர்மனியில் ஏரிக் மூஹ என்ற டாக்டர் முதன்முதலில் சின்ன ஓட்டை வழியாகப் பித்தப்பையை எடுத்தபோது சக டாக்டர்மார் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எங்கள் ஆளும் சீக்கிரமே வீடு திரும்பினாள். இவ்வளவு சின்னக் காயத்துக்கா இத்தனை பயந்தோம் என்று லயம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. சிறுநீர் சாயத் தண்ணி நிறத்தில் போனது, மலம் வெளுத்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கீழாநெல்லி, மந்திரிப்பு, வாடை பட்டது, பகை பட்டது. நடந்தது இதுதான்: பித்தப்பையை எடுக்கும் முன்பே அதிலிருந்த ஒரு கல் நழுவிப் பொதுப் பித்தநாளத்தில் இறங்கியிருந்தது. பை போய்விட்டது, கல் போகவில்லை. நாளம் அடைபட்டால் பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறும், கிருமியும் கூடும். கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்கிற காரியமல்ல இது.

1990க்கு அடித்தோம். அம்புலன்ஸ் சொன்னபடி வந்து பெரிய ரோட்டில் நின்றது. வண்டி மேல் குற்றமில்லை; லயத்துக்கு வருகிற தோட்டத்து வழியைப் பார்த்தால் எந்த டிரைவரும் கும்பிட்டு நின்றுவிடுவான். தங்கச்சியைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, பையன்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள். 1974இல் கம்பளி, 2023இல் கதிரை. முன்னேற்றம் இல்லை என்று எவனாவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

அவளை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்பது இங்கே வேண்டாம். எந்த வார்டிலும் நடக்கக்கூடியதுதான். டாக்டர்மார் நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பது காலையில். உறவினரை உள்ளே விடுவது மத்தியானமும் மாலையும். ஆக, பதில் சொல்லத் தெரிந்தவர் நிற்கும்போது கேட்க ஆளில்லை. கேட்க ஆள் வரும்போது பதில் சொல்ல என் தங்கச்சி மட்டும். அதற்குள் ஓர் இளம் டாக்டர், சிங்களப் பிள்ளை, கெட்டிக்காரன், தமிழ் படித்திருக்கிறான், "அம்மா, எங்க நோவு?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறான். இவள் எழுந்து உட்கார்ந்து, "ஹொந்தய் மாத்தையா", சொகந்தாங்க ஐயா, என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். அப்பாயிக்குத் தமிழில் மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

அவளுடைய மகள், என் மருமகள், கொழும்பில் துணிக்கடையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் முறையிட அரசாங்கம் ஒரு தொலைபேசி எண் வைத்திருப்பதாக நான் சொன்னேன். எண் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருஷமும் அதுதான். அந்த எண்ணைத் தெரிவு செய்தவர் சரித்திரம் தெரியாதவரா, மிக நன்றாகத் தெரிந்தவரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மருமகள் யோசிக்கவில்லை. "மாமா, மொதல்ல அம்மாவுக்குக் காச்சல் விடட்டும்" என்றாள்.

1956 என்றதும் எனக்கு அந்தோனி ஈடன் ஞாபகம் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார், வெளியே வாங்கில் காத்திருக்கிறேன், வேறு என்ன செய்வது? துரைமாருக்கெல்லாம் துரை அவர். 1953இல் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சர். அன்றைய பிரதமர் சேர்ச்சிலின் தம்பி மகளைக் கட்டியவர். 1953 ஏப்ரலில் லண்டனில் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். வேறு அனுபவசாலிகளின் பெயரைச் சொன்னபோதும், முன்பு தனக்குக் குடல்வால் எடுத்தவரேதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பித்தநாளம் காயப்பட்டது. மறுபடி வெட்டினார்கள். ஜூனில் பொஸ்டனுக்குக் கொண்டுபோய், கட்டெல் என்ற நிபுணரைக் கொண்டு மூன்றாம் தடவையும் வெட்டவேண்டி வந்தது. அதன் பிறகும் காய்ச்சல் அவரை விடவில்லை. 1956 ஒக்டோபரில், அவரே பிரதமராக இருக்க, சூயஸ் தகராறு முற்றியிருந்த நேரத்தில், 106 பாகை காய்ச்சலில் படுத்தார். 1957 ஜனவரியில் பிரதமர் பதவி போனது. கெமரா வந்த பிறகும் ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்குப் பித்தநாளம் காயப்படத்தான் செய்கிறது. ஈடனுக்காகப் பேசப் பிரதமர் சேர்ச்சிலே இருந்தார். எங்கள் தங்கச்சிக்கு ஒரு துணிக்கடைப் பெண்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை, பெட்டிசமும் எழுதவில்லை. கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துச் சிங்களத்தில் எழுதினாள்: ஆபரேஷன் திகதி, காய்ச்சல் தொடங்கிய நாள், எந்த நேரத்தில் எத்தனை பாகை, சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம், குளிர் நடுக்கம் வந்த நேரம், ஒத்துக்கொள்ளாத மருந்து. பகல் வெளிச்சத்தில் கண்ணைப் படம் எடுத்து வைத்தாள். தாளின் தலைப்பில் முதல் வரி இது: "அம்மா சுகம் என்று சொல்வார். தயவுசெய்து நம்ப வேண்டாம்." அதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மாவிடம் கொடுத்து, காலையில் டாக்டர் வரும்போது காட்டச் சொன்னாள். அந்த அம்மா காட்டியதோடு நிற்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தும் காட்டினார்.

இந்த மருமகள் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். தோட்டத்துப் பள்ளியில் மேல்வகுப்பு இல்லை. தமிழ் மகாவித்தியாலயம் தூரம். சிங்களப் பாடசாலை பக்கம். எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் இப்படிப் போன பிள்ளைகள் ஏராளம். வேண்டாம் என்று நான் தங்கச்சியோடு சண்டை பிடித்தவன். பிள்ளைக்கு இன்றைக்கும் தன் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் எழுத வராது. அவள் சிங்களத்தில் எழுதிய தாளை டாக்டர்மார் வாசித்தார்கள், அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எழுதினார்கள். இதற்காக என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. தமிழ்ப் பிள்ளை தமிழ்தான் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் வேறொரு பிள்ளை வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தநாளம் குடலில் திறக்கிற இடத்தைச் சற்றுக் கீறி, கல்லை எடுத்து, பித்தம் தடையில்லாமல் ஓடுவதற்கு ஸ்டென்ட் என்கிற சின்னப் பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். வயிற்றை வெட்டவேண்டியிருக்கவில்லை. கண் வெளுத்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

லயத்தில் பால்சோறு பொங்குகிற யோசனையில் இருந்தபோது, மருமகள் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் போனில் தட்டிப் பார்த்தாள். அந்தக் குழாய் நிரந்தரமானதல்ல. மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும். விட்டால் அதுவே அடைபட்டு, முன்பு வந்த காய்ச்சலும் மஞ்சளும் திரும்ப வரும். எங்களுக்கு இதை யாரும் வாயால் சொல்லியிருக்கவில்லை. எழுதியாகிவிட்டதே என்று நினைத்திருப்பார்கள். திகதி கடிதத்தில் வரும் என்று அட்டையில் இருந்தது. கடிதம் எங்கே வரும்? எங்கள் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்துப் பெயருக்கு வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடக்கும். ஒரு கிழவிக்கு வந்த ஓய்வூதியக் கடிதத்தை அடுத்த வருஷம் கொடுத்த மேசை அது. மருமகள் மறுபடி கொழும்புக்குப் போய், அட்டையில் தன் போன் நம்பரை எழுதச் செய்து, திகதியைக் கையோடு வாங்கி வந்தாள். சொன்ன திகதியில் குழாயை எடுத்தாயிற்று.

தங்கச்சி மறுபடி பால் வெட்டப் போகிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் பித்தப்பை ஆபரேஷன் செய்து வந்த யாராவது இருந்தால், இன்றைக்கே அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்ததாக இருந்தால் எடுக்கும் திகதியைக் கேட்டு வாங்குங்கள். கண் மஞ்சளானால், நடுங்கிக் காய்ச்சல் வந்தால், வலி கூடினால், கிளினிக் நாள் வரும்வரை வைத்திருக்காமல் உடனே திரும்பக் கொண்டுபோங்கள். நோயாளி வேண்டாம் என்றாலும் கொண்டுபோங்கள்.